புகை கலைந்த வானம்: டில்லியின் ஜப்பானியச் சகோதரி

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் பணித்தபொழுது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் சிற்பத்தைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். அவற்றை எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆதலின், நம் காலனி அன்பர்கள் நாள்தோறும் புகுந்து புறப்படும் ஒரு வாயிலிலிருந்தே தொடங்குவோம். முனிர்காவின் நிலத்தடி மெட்ரோ நிலையம் 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. டில்லி மெட்ரோவுக்கு ஜப்பான் அரசாங்கம் நீண்டகாலக் கடன் வழங்கத் தொடங்கியது 1997 இல். முதல் வண்டி ஓடியது 2002 டிசம்பரில். நம் வாயிலைத் தொட்டுச் செல்லும் பாதையும் அவ்வுதவியின் தொடர்ச்சியே. இதனை ஓரளவு அறிவோம். ஆனால், டில்லிக்கு ஜப்பானில் ஓர் உடன்பிறப்பு உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பகைத்த நாட்டு மக்கள் ஊரோடு ஊராக உறவு கொள்ளட்டும் என்ற எண்ணம் பரவியது. ஜப்பானில் அத்தகைய உறவுகளுள் முதலாவது 1955 இல் நாகசாகிக்கும் அமெரிக்காவின் செயிண்ட் பால் நகருக்கும் இடையே ஏற்பட்டது. நம் நாட்டில் பம்பாய் 1965 இல் யோக்கோஹாமாவுடன் சகோதரி உறவு பூண்டது. டில்லி அரசாங்கமும் ஜப்பானின் ஃபுக்குவோக்கா மாகாணமும் 2007 ஆம் ஆண்டு நட்புறவு உடன்பாடு செய்துகொண்டன.

சம்பந்தம் செய்யும் வீட்டைப் பற்றி நம் பெரியோர் நான்கு தெரு சுற்றி விசாரிப்பர். குடும்பத்தின் பூர்வீகம் என்ன, பிழைப்பு என்ன, நோய் நொடி உண்டா, நொடித்த காலத்தில் எப்படி நிமிர்ந்தார்கள் என்றெல்லாம் கேட்பர். டில்லி உறவு கொண்ட வீட்டையும் நாம் அவ்வாறே விசாரிப்போம்.

பூர்வீகம்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தென்மேற்கில் உள்ளது கியூஷு. அதன் வடமுனையில் அமைந்தது ஃபுக்குவோக்கா மாகாணம். பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 51 லட்சம். டில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டரே. மக்களோ 2011 ஆம் ஆண்டுக் கணக்கிலேயே 1 கோடியே 68 லட்சம். மாகாணத்தின் தலைநகரான ஃபுக்குவோக்காவிலிருந்து கொரியாவின் பூசான் துறைமுகம் சுமார் 200 கிலோமீட்டர்தான். சீனாவின் ஷாங்காய் எத்துணைத் தொலைவோ, தம் நாட்டுத் தலைநகரான டோக்கியோவும் ஏறத்தாழ அத்துணைத் தொலைவு. ஆகவே, பழங்காலந்தொட்டே அவ்வூர் ஜப்பானின் தலைவாயிலாக விளங்கிற்று.

கி.பி. 57 இல் சீனப் பேரரசர் ஒருவர் அப்பகுதிச் சிற்றரசர்க்கு அளித்த பொன் முத்திரை, ஷிக்கானோஷிமா என்னும் சிறுதீவில் 1784 இல் ஓர் உழவரின் நிலத்தில் கிடைத்தது. இன்று அது ஃபுக்குவோக்கா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானின் மிகத் தொன்மையான நெல்வயல்களுள் ஒன்றின் தடயமும் அந்நகரின் எல்லைக்குள்ளேயே கண்டெடுக்கப்பட்டது. இந்நெல்லை முன்வைத்தே மொழியறிஞர் சுசுமு ஓனோ, பண்டைத் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் தொடர்பு உண்டென்றும், அத்தொடர்பு நெற்சாகுபடியோடு வடகியூஷுவை அடைந்ததென்றும் வாதிட்டார். அவர் 2008 இல் மறைந்தார். மொழியியலாரிற் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. கேட்கச் செவிக்கு இனிய செய்தி என்பதற்காக அதனை நாம் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், நம் மொழியைக் கற்பதற்கு ஒரு ஜப்பானியப் பேராசிரியர் தம் வாழ்நாளிற் பல்லாண்டுகளைச் செலவிட்டார் என்பது மறக்கத் தக்கதன்று.

ஏழாம் நூற்றாண்டிலிருந்து டசாய்ஃபு என்னுமிடத்தில் கியூஷு முழுமைக்குமான அரசாங்க அலுவலகம் இயங்கியது. சுகவாரா மிச்சிஸானே என்ற புலமை மிக்க அமைச்சர் 901 ஆம் ஆண்டு தலைநகரிலிருந்து அங்கே துரத்தப்பட்டு, 903 இல் அங்கேயே உயிர் நீத்தார். பழி சுமத்தி விரட்டியவர்களே பின்னர் அஞ்சி அவரைத் தெய்வமாக்கினர். இன்று அவர் கல்வித் தெய்வம். தேர்வுக்கு முன் நம் பிள்ளைகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுபோல, அந்நாட்டு மாணவர் டசாய்ஃபு கோயிலுக்குத் திரண்டு செல்கின்றனர்.

1274 இலும் 1281 இலும் மங்கோலியர் ஹக்காட்டா விரிகுடாவிற் படையெடுத்து இறங்கினர். முதற் படையெடுப்புக்குப் பின் கரையோரமாக எழுப்பிய கன்மதிலின் சில பகுதிகளை இன்றும் காணலாம்.

அந்நகரின் பெயர்க் கதை நம்மைப்போற் புலம்பெயர்ந்தோருக்குச் சுவையானது. ஆற்றின் ஒரு கரையில் ஹக்காட்டா என்னும் பழைய வணிகர் ஊர் இருந்தது. 1600 ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டை ஆள வந்த குரோடா நாகமாசா மறுகரையிற் கோட்டை கட்டி, தம் முன்னோர் வாழ்ந்த ஊராகிய ஃபுக்குவோக்காவின் பெயரையே அதற்கும் இட்டார். 1889 இல் இரு கரைகளும் ஒரே நகராட்சியாக இணைந்தன. நகருக்குக் கோட்டையின் பெயர் கிடைத்தது. அவ்வாண்டே திறந்த இரயில் நிலையம் வணிகர் ஊரின் பெயரைப் பெற்றது. இன்றும் ஃபுக்குவோக்காவுக்குச் செல்வோர் ஹக்காட்டா நிலையத்திலேயே இறங்குகின்றனர். சொந்த ஊரின் பெயரை வீட்டு வாயிலில் எழுதி வைக்கும் நமக்கு நாகமாசாவின் மனம் விளங்காமற் போகாது.

டில்லியையும் அவ்வூரையும் பிணைக்கும் வேறொரு பழைய நூலும் உண்டு. 1912 டிசம்பர் 23 அன்று சாந்தினி சௌக்கில் வைசிராய் ஹார்டிஞ்சின் மீது குண்டு வீசப்பட்டது. அச்செயலுக்குத் திட்டமிட்டவரெனத் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ் 1915 இல் ஜப்பானுக்குத் தப்பினார். அங்கே அவரைப் பிடிபடாமற் காக்க முன்னின்றவர் ஃபுக்குவோக்காவிற் பிறந்த தோயாமா மிட்சுரு. தோயாமா தீவிர தேசியவாதி. அவருடைய எல்லாக் கொள்கையும் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அடைக்கலம் கொடுத்த கை அவருடையது.

பிழைப்பு

இனிப் பிழைப்பைப் பார்ப்போம். மாகாணத்தின் நடுவே சிக்குஹோ நிலக்கரிப் படுகை. தெற்கே ஓமுட்டாவில் மியிக்கே சுரங்கம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் நிலக்கரியில் ஏறத்தாழப் பாதியைச் சிக்குஹோ ஒன்றே ஈந்தது. அக்கரியை நம்பி, வடகரையில் யஹாட்டா என்னும் சிற்றூரில் அரசாங்கம் ஓர் இரும்பாலையை நிறுவிற்று. ஜெர்மானிய வரைபடத்தின்படி எழுந்த அவ்வாலையின் ஊதுலை 1901 பிப்ரவரியில் மூட்டப்பட்டது. ஓராண்டுக்கு மேல் முயன்றும் உலை சரிவர இயங்காமையால், 1902 இல் அதனை அணைத்தனர். நோரோ காகெயோஷி என்னும் ஜப்பானியப் பொறியியலறிஞர், அயல்நாட்டு வடிவம் உள்நாட்டுக் கரிக்கு ஒவ்வவில்லை என்பதைக் கண்டு திருத்தியமைக்க, 1904 இல் உலை மீண்டும் எரிந்து இரும்பை வார்த்தது. நம் நாட்டில் ஜம்ஷெட்பூர் ஆலையிலிருந்து எஃகு வெளிவந்த 1912 க்கு எட்டாண்டுகட்கு முந்திய செய்தி இது.

இரும்பை ஒட்டிப் பிற தொழில்கள் கிளைத்தன. 1915 இல் யஸ்காவா மின்பொறிக் கம்பெனி யஹாட்டாவிலும், 1917 இல் இன்று டோட்டோ என வழங்கும் பீங்கான் கம்பெனி கொக்குராவிலும் தோன்றின. குருமே நகரில் துணிக் காலணி தைத்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த இஷிபாஷி ஷோஜிரோ, 1923 இல் உழைப்பாளர் அணியும் அக்காலணிக்கு ரப்பர் அடி ஒட்டி விற்றார். ரப்பரைப் பழகிய கை 1931 இல் டயர்க் கம்பெனியை நிறுவிற்று. இஷி என்றால் கல். பாஷி என்றால் பாலம். அவ்விரண்டையும் ஆங்கிலத்தில் முன்பின்னாக மாற்றியே தம் கம்பெனிக்குப் பிரிட்ஜ்ஸ்டோன் எனப் பெயரிட்டார்.

இச்செல்வத்தின் அடியிற் கிடந்த துன்பத்தையும் சொல்லவேண்டும். மியிக்கேயில் தொடக்கக் காலத்தில் சிறைக்கைதிகளைக் கரி வெட்டச் செய்தனர். போர்க்காலத்தில் கொரியரும் போர்க்கைதிகளும் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். சிறுவயது முதற் சுரங்கத்தில் உழைத்த யமமோட்டோ சக்குபே என்னும் தொழிலாளி, முதிய வயதில் தாம் கண்டவற்றை ஓவியங்களாகத் தீட்டினார். இடுப்பளவு உயரமுள்ள குகையில் கணவன் கரியை வெட்ட, மனைவி அதனை இழுத்துச் செல்லும் காட்சிகள் அவை. 2011 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஜப்பானிலிருந்து முதன்முதல் இடம்பெற்றவை ஒரு கூலித்தொழிலாளியின் இச்சித்திரங்களே.

1945 ஆகஸ்டு 9 அன்று இரண்டாவது அணுகுண்டுக்கு முதலிற் குறித்த இடம் கொக்குரா. மேகமும் புகையும் நகரை மறைத்தமையால், விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. ஓர் ஊர் பிழைத்தது. வேறோர் ஊர் எரிந்தது. இதனை நற்பேறு என்று கூற நா எழவில்லை.

போர் முடிந்ததும் அயல்நாடுகளிற் குடியேறியிருந்த ஜப்பானியர் திரும்பலாயினர். ஹக்காட்டா துறைமுகத்தில் மட்டும் 1947 க்குள் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் பேர் வந்திறங்கினர். பூசானிற் பிறந்து வளர்ந்த கவஹாரா தோஷியோவும் அவ்வாறு திரும்பியவர். இளமையில் உண்ட காரமான மீன்முட்டை ஊறலின் சுவையை மறக்கமாட்டாமல், பலகாலும் செய்து பார்த்து 1949 இல் தம் சிறு கடையில் விற்பனைக்கு வைத்தார். அதற்குக் காப்புரிமை பெறாமல், கேட்டவர்க்கெல்லாம் செய்முறையைச் சொல்லிக் கொடுத்தார். மெந்தாய்க்கோ எனும் அப்பண்டம் இன்று ஹக்காட்டாவின் அடையாளமாகிப் பல நூறு குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அயலூரில் நாவிற் பட்ட சுவை ஓர் ஊரின் தொழிலாகவே மலர்ந்த கதை இது.

நோய்

1963 பிப்ரவரியில் மோஜி, கொக்குரா, தொபாட்டா, யஹாட்டா, வக்கமாட்சு என்னும் ஐந்து நகரங்கள் இணைந்து கிட்டாகியூஷு மாநகராயின. அதற்கு முன்பே யஹாட்டாவின் புகைக்கு "ஏழு நிறப் புகை" என்ற பெயர் வழங்கி வந்தது. அது வசைப்பெயரன்று, புகழ்ப்பெயர். புகை எழுந்தால் ஆலை ஓடுகிறது. ஆலை ஓடினால் அடுப்பு எரியும். அவ்வளவே கணக்கு. ஆலைகளின் நடுவே கிடந்த தோக்காய் விரிகுடாவில் மீன் அற்றது. 1966 இல் ஆய்ந்தபொழுது நீரில் உயிர்வளியே இல்லாத இடமும் இருந்தது. மக்கள் அதனைச் சாக்கடல் என்றழைத்தனர்.

இந்நோயை முதலிற் கண்டறிந்தவர் மருத்துவரல்லர்; அமைச்சருமல்லர். துணி துவைக்கும் தாய்மார்கள். தொபாட்டாவின் ஒரு பகுதியில் வாழ்ந்த மாதர் 1950 ஆம் ஆண்டளவிலேயே, உலர்த்திய வெள்ளைத் துணி கறுத்து வருவதைக் கண்டு வினவத் தொடங்கினர். அருகிலிருந்த மின்நிலையத்தின் சாம்பலே அதற்குக் காரணமெனக் கண்டு, நகராட்சியிடம் முறையிட்டுத் தூசி தடுக்கும் பொறியை வைக்கச் செய்தனர். பத்தாண்டுகட்குப் பின் தொபாட்டா மாதர் சங்கத்தார் இன்னும் ஆழச் சென்றனர். துணிகளை வெவ்வேறிடங்களிற் கட்டித் தொங்கவிட்டனர்; பெட்டிகளை வைத்து விழும் தூசியைச் சேர்த்தனர்; பல்கலைக்கழக ஆசிரியரிடம் சென்று அளக்கும் முறையைக் கற்றனர். பள்ளி வருகைப் பதிவேடுகளைப் பெற்று, காற்று கெட்ட நாட்களில் எத்தனை பிள்ளைகள் வராமலிருந்தனர் என ஒப்பிட்டனர். 1965 இல் இவற்றையெல்லாம் தாமே ஒரு சிறு திரைப்படமாக எடுத்து, "நீல வானம் வேண்டும்" என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர்.

இதில் அடங்கிய துணிவை நாம் நன்கு உணரவேண்டும். அத்தாய்மார்களிற் பலருடைய கணவன்மார் அதே ஆலைகளிற் சம்பளம் வாங்கினர். குடியிருந்த வீடும் ஆலையின் வீடாகவே பலருக்கு இருந்தது. சோறிடும் கையைக் குறை கூறுவதா என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே எழாமலா இருந்திருக்கும்? அவர்கள் ஆலையை மூடச் சொல்லவில்லை. புகையை அடக்குங்கள் என்றனர். கூச்சலைவிடக் கணக்கையே மிகுதியும் நம்பினர். கணக்கை மறுப்பது எவர்க்கும் எளிதன்று.

செய்தித்தாள்கள் எழுதின. 1967 இலும் 1970 இலும் நாட்டிற் சட்டங்கள் பிறந்தன. நகராட்சி, ஆலை ஒவ்வொன்றுடனும் உடன்படிக்கை எழுதிக்கொண்டது. ஆலைகள் எரிபொருளை மாற்றின. வடிகட்டும் பொறிகளை அமைத்தன. எரிபொருள் வீணாவது குறைந்தமையால், செலவிலும் ஒரு பகுதி மிச்சமாயிற்று. 1970களின் நடுவில் தோக்காய் விரிகுடாவின் அடியிற் படிந்த நச்சுச் சேற்றை அகழ்ந்து எடுத்தனர். அச்செலவின் பெரும்பங்கை ஆலைகளே ஏற்றன. 1987 இல் ஜப்பானியச் சுற்றுச்சூழல் துறை கிட்டாகியூஷுவை விண்மீன் தெரியும் ஊர்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. 1990 இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் விருதும் கிட்டிற்று. விரிகுடாவில் மீன்கள் மீண்டன.

நிமிர்வு

வானம் தெளிந்த காலத்திலேயே தொழில் தேய்ந்தது. எண்ணெய் வந்ததும் கரிக்கு மதிப்புக் குன்றியது. மியிக்கேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கியதை எதிர்த்து 1960 இல் நடந்த நெடிய வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. 1963 நவம்பர் 9 அன்று அதே சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 458 பேர் மாண்டனர். 1997 மார்ச்சில் மியிக்கே மூடப்பட்டது. இரும்பாலை நிலத்தின் ஒரு பகுதியில் 1990 இல் அமைத்த விண்வெளிக் கேளிக்கைப் பூங்காவும் 2017 முடிவில் மூடப்பட்டது. எடுத்த முயற்சி அனைத்தும் பலித்ததெனக் கூறவியலாது. ஒருகாலத்திற் பத்து லட்சத்தைத் தாண்டிய கிட்டாகியூஷுவின் மக்கள்தொகை இன்று ஏறத்தாழ ஒன்பது லட்சமாகக் குறைந்திருக்கிறது.

பலித்தவையும் உள. 1975 இல் கண்டா கடற்கரையில் நிஸான் தொழிற்சாலையும், 1992 இல் பழைய கரிச்சுரங்க ஊராகிய மியாட்டாவில் டொயோட்டா தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. கரி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மோட்டார் வண்டி பூட்டுகின்றனர். யஸ்காவா இயந்திர மனிதக் கைகளுக்குப் பெயர் பெற்றது. 1997 இல் கிட்டாகியூஷு கடலோர நிலத்தில், கழிவுப் பொருளை மீண்டும் மூலப்பொருளாக்கும் ஆலைகளுக்கென ஒரு வட்டாரம் வகுக்கப்பட்டது. நோயைத் தீர்க்கக் கற்ற மருந்தே பிழைப்பும் ஆயிற்று.

தலைநகரான ஃபுக்குவோக்கா வணிகத்தாலும் கல்வியாலும் வளர்ந்தது. 1975 இல் டோக்கியோவிலிருந்து அதிவேக இரயில் ஹக்காட்டாவை எட்டியது. அந்நகர் 1990 முதல் ஆசியப் பண்பாட்டுக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கி வருகிறது. 1994 இல் பத்மா சுப்ரமணியமும், 2016 இல் ஏ. ஆர். ரகுமானும், 2021 இல் சென்னையிற் பிறந்த பத்திரிகையாளர் சாய்நாத்தும் அப்பரிசு பெற்றனர் என்பது நமக்கு உவகை தரும்.

நம் மொட்டைமாடி

இவ்வளவும் விசாரித்தபின் நம் வீட்டைப் பார்ப்போம். ஐப்பசி பிறந்து சில நாட்களில் முனிர்காவின் மொட்டைமாடிகளில் உலர்த்தும் வேட்டி மாலைக்குள் மங்கிவிடுகிறது. வடாம் பிழிய வெயிலும் இல்லை. இருந்தாலும் தூசிக்கு அஞ்சி ஒருவரும் பிழிவதில்லை. 2016 நவம்பரில் டில்லிப் பள்ளிகள் புகைக்காக மூடப்பட்டன; அதன்பின் வேறு பல குளிர்காலங்களிலும் மூடப்பட்டன. நம் குழந்தைகள் இருமிக்கொண்டே திருப்பாவை படிக்கின்றனர்.

டில்லியின் நோய் கிட்டாகியூஷுவின் நோயினும் சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அங்கே புகைபோக்கிகள் கண்ணெதிரே நின்றன. யாரைக் கேட்பது என்பது தெரிந்தது. இங்கே வாகனம், கட்டட வேலை, எரிக்கும் குப்பை, அண்டை மாநில வயல்களின் வைக்கோல், மலையும் கடலும் அணுகாத நிலத்தின் அசையாத குளிர்காற்று எனக் காரணங்கள் பல. ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுகின்றனர். நம் வாயிலில் நிற்கும் வண்டியும் அக்கணக்கில் உண்டு. ஆயினும் கேட்டதற்குப் பயன் இல்லாமற் போகவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 1998 ஆம் ஆண்டு ஆணையால் டில்லிப் பேருந்துகள் எரிவாயுவுக்கு மாறின. 2018 இல் பதர்ப்பூர் அனல் மின்நிலையம் மூடப்பட்டது.

குப்பையிலும் சகோதரியிடம் கற்கப் பாடம் உண்டு. ஃபுக்குவோக்கா நகரமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் சேர்ந்து 1970களில் ஒரு முறையைக் கண்டன. குப்பைமேட்டின் அடியிற் குழாய்களை இட்டு, ஊறும் நீரை உடனுக்குடன் வடித்து, அக்குழாய் வழியே காற்றையும் புகவிடுவது அம்முறை. குப்பை விரைந்து மட்கும். தீப்பற்றும் வாயு குறையும். 1984 இற் கொட்டத் தொடங்கிய நம் காஜிப்பூர் மேடு 2017 செப்டம்பரிற் சரிந்து இருவரைப் பலிகொண்டதை நினைக்க, அடியில் இடும் குழாயின் அருமை புரிகிறது.

உடன்பாடுகளை அரசாங்கங்கள் எழுதும். உறவை நடத்துவோர் வீட்டார்தாம். நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதற்கொரு வருகைப் பதிவேடும் இருக்கிறது. நம் மாதர் குழுவினர் வரும் ஐப்பசி முதல் மாசி வரை, அப்பதிவேட்டின் ஓரத்தில் அன்றைய காற்றின் அளவையும், இருமலால் வராத பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குறித்து வரலாம். மாடியில் ஒரு முழம் வெள்ளைத் துணியைக் கட்டி, மாதமொருமுறை அவிழ்த்துத் தேதியிட்டு மடித்து வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு விழாவில் ஐந்து துணிகளையும் அப்பதிவேட்டையும் மேடையில் வைப்போம். காலனியின் பிற சங்கத்தாரையும் நகராட்சி உறுப்பினரையும் அழைத்துக் காட்டுவோம். தொபாட்டாவின் தாய்மார்களும் அவ்வளவில்தான் தொடங்கினார்கள்.